வசந்தா மேடம் தேடிய டோன்ஆர்ம்

வசந்தா மேடம் போய்விட்டார்.

காலையில் அவருடைய தம்பி சேகர் போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார், அவ்வளவுதான். 

பல்லாவரம் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த சிலர் இங்கே இருக்கிறீர்கள். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன், ஜன்னலோர சீட்... அதே மேடம்தான்.

ஒரு ரிக்வெஸ்ட். "இசையோடு கலந்துவிட்டார்" என்று யாரும் கமெண்ட் போடாதீர்கள். அந்த மாதிரிப் பேச்சு அவருக்கு ஆகாது. எனக்கும் இன்று ஆகாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடத்திடம் ஒரு ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. சுழலும் தட்டும், ஊசியைத் தாங்கிப் பிடிக்கும் கையும் மூன்று ஸ்பிரிங் மேல் மிதக்கிற ரகம். பக்கத்தில் நாம் நடந்தால்கூடப் பாட்டு அதிராது. அந்தக் கைக்குப் பெயர்தான் டோன்ஆர்ம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆபீஸ் விட்டால் வீடு, வீட்டில் அந்தப் பிளேயர், ஒரு பீரோ நிறைய ரெக்கார்டுகள். வீணை, ஷெனாய், பழைய சினிமாப் பாட்டு... பாரபட்சமே கிடையாது.

பீர்க்கன்கரணையில் இருந்தபோது ஒரு மழைக்கு ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. சேகர் ஓடி வந்து முதலில் தூக்கியது அக்காவின் பிளேயரைத்தான். வாளியைத் தூக்குகிற மாதிரி அந்த டோன்ஆர்மைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

பிளேயர் நனையவில்லை. ஆர்ம் வளைந்து, அடியோடு பிய்ந்துவிட்டது.

தம்பியை மேடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரமேஷ், அவன் நீச்சல் தெரியாதவன்... இடுப்பளவு தண்ணியில வந்தான்" என்று என்னிடம் சொன்னார். அதோடு சரி.

அப்புறம் மேடம் இரும்புலியூரில் மாடி வீடு பார்த்துப் போனார். ரிடையர்மென்ட்டும் ஆனது. வேறு ஆர்ம் தேட ஆரம்பித்தார்.

ஏதோ ஒன்றை வாங்கி மாட்டினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். கனமான ஆர்ம் வைத்தால் ஸ்பிரிங் அமுங்கி, தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஸ்பிரிங்கை அட்ஜஸ்ட் செய்யலாம், அதற்கும் ஒரு எல்லை உண்டு. சரி, லேசானது வாங்கலாம் என்றால் அவரிடம் இருந்த ஊசிக்கு அது ஒத்துவராது.

ஒன்றுக்கு ஒன்று பொருந்தாத ஜாதகம் மாதிரி இழுத்துக்கொண்டே போனது.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நெட்டில் ஒரு ஆர்மைப் பார்த்தால் அதன் எடையைக் குறித்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போவார். அதே எடைக்குத் துவரம்பருப்பு நிறுத்து வாங்கி, துணியில் முடிந்து, ஆர்ம் உட்கார வேண்டிய இடத்தில் வைப்பார். தட்டின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீர். தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பார்.

கால் கிலோவும் இல்லாமல் அரைக் கிலோவும் இல்லாமல் இது என்ன கணக்கும்மா என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வாராம். நான் போகும்போதெல்லாம், இன்றைக்கு சாம்பார் சாய்ந்ததா நின்றதா என்று கேட்பேன். சிரிப்பார்.

இதற்கு நடுவில்தான் லிவரில் கட்டி என்று சொன்னார்கள்.

நான் பொறுமை இல்லாதவன். போனிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிறதே, ஒரு ஸ்பீக்கர் வாங்கித் தருகிறேன் என்று சண்டை போட்டேன். "பாட்டு கேக்கணும்னா அது போதும் ரமேஷ். எனக்கு என் ரெக்கார்டைக் கேக்கணும்" என்றார். 

கடைசியில் ஒன்று கிடைத்தது. பெங்களூரில் பழைய ஆடியோ சாமான் விற்கும் ஒருவரிடம். எடை சரி, ஊசிக்கும் பொருத்தம். பருப்பு மூட்டையை வைத்துப் பார்த்தபோது கிண்ணத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது. அன்றைக்கு எனக்கு போன் செய்து பேசிய குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

பார்சல் வருவதற்குள் அட்மிட் ஆகிவிட்டார்.

என் அட்ரஸுக்குத்தான் வந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்று காலையில்தான் டாக்டர் சேகரைக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மேடம் டோன்ஆர்மைக் கையில் வாங்கினார். கண்ணாடி கேட்டார். அடியில் இருந்த நம்பரைப் படித்தார்.

"இது அது இல்ல ரமேஷ். இது கனம்."

அவர் சொன்னது சரிதான். அதே கம்பெனி, பார்க்க அதே மாதிரி, ஆனால் கனமான மாடல். அனுப்பியவர் மாற்றி அனுப்பியிருக்கிறார். நான் கெஞ்சினேன். பரவாயில்லை மேடம், இதையே மாட்டுவோம், சாய்ந்தால் கீழே எதையாவது அண்டை கொடுப்போம், நாளைக்கு வீட்டுக்குப் போனதும் நீங்கள் கேட்கலாம் என்றேன். சேகர் வராண்டாவுக்குப் போய்விட்டார்.

"வேணாம். திருப்பி அனுப்பிடுங்க, சரியானது வரட்டும்" என்று பெட்டியை அவரே மூடினார். "எவ்ளோ நாள் ஆகும்?"

"ரெண்டு வாரம் ஆகும் மேடம்."

"ஆகட்டும்" என்றார்.

திருப்பி அனுப்பினேன்... வேறு என்ன செய்ய?

இன்று மாலை இரும்புலியூர் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

சரியான டோன்ஆர்ம் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டதாக நேற்று மெசேஜ் வந்தது.

போய் வாருங்கள் மேடம்.