காணாமல் போகாத ஆடு

எங்களிடம் மூன்று ஆடுகள் இருந்தன. சாயங்காலமானால் மூன்றும் தாமாகவே கொட்டகைக்கு வந்துவிடும். ஒருநாளும் எதுவும் காணாமல் போனதில்லை. ஆனாலும் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், சாலவாக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேர் நான்கு நாட்கள் எங்கள் ஆட்டைத் தேடினார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை வந்ததுதான் காரணம்.

அம்மா ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். காலையில் சமையலை முடித்து மிஷின் முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். காலில் ஒரு சின்னப் புண் ஒரு மாதமாக ஆறவில்லை என்று சுகாதார நிலையத்துக்குப் போனாள். அன்று பள்ளி விடுமுறை, நானும் கூடப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இப்போதே கவனித்தால் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாம், மூன்று மாதம் கழித்து வந்து காட்டு என்றார். வெளியே வந்ததும் நர்ஸ் அம்மாவை பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினார்.

“எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடாத. பத்து நாள் செய்வ, அப்புறம் வுட்டுடுவ. வாரத்துக்கு ஒண்ணு மாத்து, போதும்.”

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். முதல் வாரம் டீயில் பாதிச் சர்க்கரை. இரண்டாவது வாரம் தட்டில் ஒரு கரண்டிச் சோறு குறைந்து, அந்த இடத்தில் முருங்கைக்கீரை வந்தது. மூன்றாவது வாரம் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். முதலிரண்டும் வீட்டுக்குள் நடந்தவை, யார் கண்ணிலும் படவில்லை. மூன்றாவது அப்படியில்லை.

எங்கள் ஊரில் ஒரு பொம்பளை சும்மா நடக்க முடியாது. தெருவில் இறங்கினால் எதிரில் வருகிற ஒவ்வொருவரும் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அதில் தப்பாக ஒன்றும் இல்லை, அது அங்கே வணக்கம் சொல்வது மாதிரி. ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. அக்காவுக்குக் கூரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அதைக் கொண்டு வந்தவர் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தவர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை. பெண்ணின் தாய்க்குச் சர்க்கரை என்று தெரிந்தால், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று பின்வாங்கிவிடுவார்கள் என அம்மா பயந்தாள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த எதுவும் அரை மணி நேரத்தில் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்தச் சத்தியம் எனக்குள் கட்டெறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வேன். டீக்கடையைக் கடக்கும்போது ஓடுவேன்.

முதல் சில நாட்கள் தைத்த ஜாக்கெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானும் அம்மாவும் நடந்தோம். நான்கு வீடு தள்ளி இருப்பவளுக்கு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தோம். ஜாக்கெட்டுகள் தீர்ந்தன. அடுத்த நாள் ஏரிக்கரையில் நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்கள் கேட்டபோது அம்மா தடுமாறி, “ஆட்டக் காணோம்” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அதே பெண்கள், ஆடு கிடைத்ததா என்று விசாரித்தார்கள். இல்லை என்றோம். பிறகு அது எங்கள் கையில் இல்லை. ஒருத்தி தன் மருமகனுக்குப் போன் போட்டாள். இன்னொருத்தி உத்திரமேரூர் சாலைவரை பார்த்துவிட்டு வந்தாள். அம்மாவால் உட்கார முடியவில்லை. மிஷினை நான்கு மிதி மிதிப்பாள், எழுந்துபோய் வாசலில் நிற்பாள், திரும்பி வந்து தைத்ததையே பிரிப்பாள். இன்னும் இரண்டு நாளில் ஆடு தானாக வந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

அதற்குள் மாமா வந்தார். மாமா என்றால் சொந்தம் இல்லை. எங்கள் நிலத்தில் நடவிலிருந்து அறுப்புவரை வேலைக்கு வருபவர், ஊருக்கு வெளியே காலனியில் வீடு. அப்பாவைவிட மூத்தவர்தான், ஆனால் அப்பா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அம்மா மட்டும் அண்ணே என்பாள். அதனால் அவர் எனக்கு மாமா. அவர் வந்த நேரம் அம்மா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஆடு எப்படி இருக்கும் என்று என்னிடம்தான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. கருப்பு, ஒரு காது மட்டும் வெள்ளை என்றேன். சொன்னபோது அந்த ஆடு என் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா நூல் வாங்க உத்திரமேரூர் போயிருந்தாள். அப்பாவும் அக்காவும் அந்த வாரம் முழுவதும் வெளியூரில் இருந்தார்கள். மத்தியானம் மாமாவின் பழைய மொபெட் வாசலில் வந்து நின்றது. முன்னால் கால்கள் கட்டிய ஒரு ஆடு. கருப்பு, ஒரு காது வெள்ளை.

“இதானே பாப்பா? ஏரி அந்தாண்ட தனியா மேஞ்சிகினு இருந்துச்சி.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு எந்த ஆடு என்று கேட்பாரே என்று பயந்து, ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஆட்டைக் கொட்டகையில் கட்டிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி போனார். புதிய ஆடு மற்ற மூன்றையும் முட்டித் தள்ளிக் கத்தியது. நான் அதற்குத் தண்ணீர் வைத்தேன், பிறகு வாளியை எடுத்தேன், மறுபடியும் வைத்தேன்.

சாயங்காலம் பக்கத்து ஊரிலிருந்து தங்கள் ஆட்டைத் தேடிக்கொண்டு பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். கொட்டகையில் எட்டிப் பார்த்தார்கள், ஆடுகளை எண்ணினார்கள், கருப்பு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். டீக்கடை முன்னால் கூட்டம். மூன்று பேரில் ஒருவன், என் அக்கா வயதுதான் இருக்கும், அங்கே நின்றிருந்த மாமாவின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தான். தையல்கார அம்மா ஆடு என்று நினைத்துத்தான் பிடித்து வந்தேன் என்று மாமா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கை கூப்பியிருந்தது.

அப்போது பஸ் வந்தது. அம்மா இறங்கினாள். கூட்டத்தையும் ஆட்டையும் மாமாவையும் பார்த்தாள். மூவரில் மூத்தவர், அவர்தான் ஆட்டுக்காரர், அவளிடம் வந்தார்.

“உன் வூட்ல மூணு ஆடுதான்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க. மூணும் கொட்டாயிலதான் கீது. உன் ஆடு காணாமப் போச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

நான் அம்மாவின் கையைப் பிடித்துக் கிள்ளினேன். போயிற்று என்று சொல் என்பது என் அர்த்தம். அல்லது இல்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போனால் போதும். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பக்கத்தில் ஆற்றுகிற டம்ளரோடு நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா முதலில் அந்தப் பையனைப் பார்த்து, “அவர் மேலருந்து கைய எடு” என்றாள். அவன் எடுக்கும்வரை காத்திருந்தாள்.

“ஆடு எதும் காணாமப் போகல. எனக்குச் சக்கர கீது. தெனம் நடக்கணும்னு சொன்னாங்க. கேக்கறவங்களுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியாம ஆடு காணோம்னு பொய் சொன்னேன். கருப்பு, ஒரு காது வெள்ளைன்னு அண்ணங்கிட்ட சொன்னதும் நான்தான். அவரு நல்லது செய்ய வந்தாரு. தப்பு என்னுது.”

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமாவிடம் அப்படிச் சொன்னதை முந்தின ராத்திரியே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அதைச் சொன்னது நான் என்பதை அவள் பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆட்டுக்காரர் முணுமுணுத்துவிட்டு ஆட்டோடு போனார். மாமாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, போகட்டும் மா, உடம்பைப் பார்த்துக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டே போனார்.

கூரத்திலிருந்து பிறகு யாரும் வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. அக்கா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அம்மா ஏன் தன்னிடம் மறைத்தாள் என்று அப்பா கத்தினார், அப்புறம் தானும் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டார். அக்காவுக்கு அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. அதெல்லாம் பின்னால்.

எனக்கு அன்று அம்மா மேல் ஆத்திரம் தாங்கவில்லை. என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டு, நான் பல்லைக் கடித்துக் காப்பாற்றிய ரகசியத்தை அவளே டீக்கடை வாசலில் போட்டு உடைத்துவிட்டாள். ஒரு பொய்யை இன்னொரு தடவை சொல்வதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவேயில்லை. மாமாவை ஒரு நாள் திருடன் என்று சொன்னால் என்ன, மறுநாள் மறந்துவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன். காலனியிலிருந்து வரும் ஒருவர் மேல் அந்தச் சொல் விழுந்தால் எத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். தலை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். அவள் வற்புறுத்தாமல் தனியாகக் கிளம்பினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் யாரோ எங்கே போகிறாய் என்று கேட்டார்கள்.

“நடக்கறேன்” என்றாள் அம்மா, நிற்காமலே.

கைகளை வீசி, நான் அதுவரை பார்த்திராத வேகத்தில் ஏரிக்கரை மேல் ஏறினாள். ஊரார் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஓடுகிறாள் என்று நினைத்து, அவளுக்காக நான் ஜன்னலைச் சாத்தினேன்.