கேமராவுக்குக் கீழே அப்பாவின் கை

எனக்கு முன்கோபம் அதிகம் என்று கொழிஞ்சாம்பாறையில் எங்களைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அப்பாவின் வலது கை மரத்துப்போன பிறகு எனக்குக் கோபம்கூட வரவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் ஒருவன் என் காலை நன்றாக மிதித்துவிட்டு இறங்கிப் போனான், பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வரவில்லை. எழுந்தேன், கஞ்சி வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், தென்னைக்கு மோட்டாரைப் போட்டேன், படுத்தேன். அவ்வளவுதான்.

மூளையில் எங்கோ சின்ன அடைப்பு என்றார் டாக்டர். கை அசையும், விரல் மடங்கும், தொட்டால் மட்டும் தெரியாது. ஒருநாள் கொதிக்கிற பால் சட்டியை அந்தக் கையாலேயே இறக்கி வைத்திருக்கிறார். விரல் கொப்பளித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுட்டதே அவருக்குத் தெரிந்தது. அம்மா போய் வெகு காலமாகிறது. நான் ஒரே பிள்ளை. மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில், வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் வானம் காட்டுவது என் வேலை. விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

தினமும் காலையில் அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்து, ஒவ்வொரு விரலாக அழுத்திக் கேட்பேன்.

"தெரியுதுங்களாப்பா?"

"இல்ல சாமி."

பல வாரம் இதே பதில்தான். பிறகு ஒருநாள், "லேசாத் தெரியறாப்பல இருக்குது" என்றார். கொஞ்ச நாளில் அது "நல்லாவே தெரியுது கண்ணு" என்று ஆனது. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற மலையாளச் சேச்சியிடமும் அதையே சொன்னார். அவளுக்கு வாயெல்லாம் பல். நானும் சிரித்துவைத்தேன். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றுமே வரவில்லை. வருகிறபோது வரட்டும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுகிறேன் என்று மேனேஜருக்குச் சொன்னேன். இனிமேல் அப்பா தனியாக அடுப்பைப் பற்றவைப்பார், மோட்டார் சுவிட்சைத் தொடுவார். கையில்தான் உணர்ச்சி வந்துவிட்டதே, என்ன பயம்?

மேனேஜர் ரிசார்ட்டுக்குப் புதிதாக ஒரு கேமரா வாங்கியிருந்தார். அதைப் பொள்ளாச்சி வந்த வண்டியில் கொடுத்தனுப்பி, என்னுடைய தொலைநோக்கியில் மாட்டிப் பழகிக்கொண்டு வரச் சொன்னார். வானத்தைப் படம் எடுக்கிற கேமரா அது. உள்ளேயே குளிர்விக்கிற கருவியும் இருப்பதால் உரிக்காத தேங்காய் கனம் இருக்கும். தொலைநோக்கியின் பின்னால் மாட்டினால் குழாய் பின்பக்கமாகச் சாயும். அப்படியே விட்டால் குழாயைத் திருப்புகிற மோட்டார் திணறும், படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடு இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் சமன் செய்தாக வேண்டும். அதற்குக் கிளச் என்று ஒரு திருகு உண்டு. அது இறுக்கமாக இருக்கும்வரை எவ்வளவு கனம் மாட்டினாலும் குழாய் அசையாது, அடியில் கையைக் கொடுத்தாலும் கனம் தெரியாது. தளர்த்தினால்தான் கனமான பக்கம் கைக்குள் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் குழாயை முன்னால் தள்ள வேண்டும்.

ஒருவர் திருகைத் தளர்த்தினால் இன்னொருவர் குழாயைத் தாங்க வேண்டும். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் தாங்குவது அப்பாதான்.

சனிக்கிழமை மத்தியானம், தேங்காய் காயப்போடுகிற களத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது. குழாயைத் தாங்குகிற குறுக்குத் தண்டின் மறுமுனையில் இருக்கிற எடைகளை நகர்த்தி அந்தப் பக்கத்தை நானே சரிசெய்துவிட்டேன். பிறகு அப்பாவுக்கு நாற்காலி போட்டேன்.

"சோத்தாங்கையிலயே தாங்குங்கப்பா. கைக்கும் ஒரு வேலையாச்சு."

அவர் கேமராவுக்கு அடியில் வலது உள்ளங்கையைக் கொடுத்தார். கேமராவின் ஒயர் திருகில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டே, தினமும் கேட்கிற வாய்ப்பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"கனம் தெரியுதுங்களாப்பா?"

"தெரியுது சாமி. நெம்பக் கனமாத்தான் இருக்குது. பின்னாடி இளுக்குது பாரு."

திருகை நான் இன்னும் தொடவே இல்லை. ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"இப்பங்க?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"இப்பக் கொஞ்சம் கொறஞ்சிருக்குது."

அத்தனை நாள் காணாமல் போயிருந்த கோபம் எங்கிருந்தோ வந்து நின்றது. "ஏனுங்கப்பா, நான் இன்னும் கிளச்சையே விடலீங்க!" என்று கத்தினேன். களத்தோரம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறீங்களா? நான் போனப்பறம் மறுக்காப் பால் சட்டியப் புடிச்சா என்ன பண்ணுவீங்க? கேக்கறதுக்கு ஊட்டுல யாரு இருக்கறாங்க?"

அவர் கையை எடுக்கவில்லை. அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? தெனமும் கேக்கறே. இல்லீன்னு சொன்னா உன்ற மூஞ்சி செத்துப் போயிருது. ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு எத்தன நாளைக்கு நிப்பே? நீயாச்சும் போயி உன்ற சோலியப் பாரு."

"அந்தக் கைய எடுங்க. எடது கையக் குடுங்க" என்றேன். எடுத்தார், கொடுத்தார். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்தி, மெதுவாகப் பிடியை விட்டேன். அப்பாவின் கை சட்டென்று கீழே போய் நின்றது.

"அட கெரகமே! இத்தன கனமா? இதையா நீ ஒத்தையில புடிச்சுட்டு நிக்கறே?"

கேமராவைத்தான் சொன்னார். "ஆமாங்கப்பா" என்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றபடியே, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன். அப்பா கையை எடுத்தால் கேமரா இடித்துக்கொள்ளும், எடுக்காமல் எழுந்து வரவும் முடியாது. "அளுவாத சாமி, அளுவாத" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். திருகை இறுக்கினேன், குழாயை ஒரு விரலளவு முன்னால் தள்ளினேன், தளர்த்தினேன்.

"இப்பங்க?"

"இன்னும் இளுக்குது."

மறுபடியும் தள்ளினேன்.

"இப்ப?"

"இன்னும் துளி."

கடைசியில் அவரே, "கைய எடுக்கறேன், பாத்துக்க" என்றார். எடுத்தார். குழாய் விட்ட இடத்தில் நின்றது.

மேனேஜருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வர முடியாது, எப்போது வருவேன் என்றும் தெரியாது என்றேன். அவர் என்னென்னவோ சொன்னார். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் சோறும் பருப்பும் வைத்தேன். கை தெரிகிறது என்று சொன்ன நாளிலிருந்து, "சூடு பதமாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அப்பா வலது கையைத் தட்டில் விட்டுப் பிசைவார். அன்றைக்குக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சுடுதான்னு நீ பாத்துச் சொல்லு சாமி."

சோற்றுக்குள் விரலை விட்டேன். நன்றாகவே சுட்டது.

"சித்தப் பொறுங்கப்பா" என்றேன்.