ரோலர் ஓடாத ஜல்லி

அப்பா இறந்த அன்று எங்கள் தெருவில் ஜல்லி பரப்பி வைத்திருந்தார்கள். ரோலர் இன்னும் ஓடவில்லை. ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்கும் தார் வரப்போகிறது என்று அவர்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது 2002.

அப்பா வெங்கடசாமி, ரோலர் டிரைவர். லிங்கராஜபுரத்தில் வேலை முடிந்து ஹெப்பகோடிக்கு மாற்றினால் ரோலரை ஓட்டியே கொண்டுபோவார். ஒரு பகல் முழுக்க ஆகும். "வெங்கடசாமிக்கு நாளைக்குக் கல்யாணம்னா நேத்தே கிளம்பணும்" என்று பக்கத்து வீட்டு அசோகன் கிண்டல் செய்வார். அப்பாவும் சிரிப்பார்.

வீட்டில் அவர் பேசியதெல்லாம் ஒரே விஷயம். மண்ணை வெட்டி இறுக்கி, கிராவல் போட்டு, அதன்மேல் ஜல்லி பரப்பியதும் உலர்வாகவே ரோலர் ஓட்ட வேண்டும். கற்கள் ஒன்றையொன்று கவ்விய பிறகே மண் தூவித் தண்ணீர் விட வேண்டும். தார் கடைசி. மண்ணை முந்திப் போட்டால் கல் கவ்வாது. முதல் மழையில் பெயர்ந்துவிடும். நான் சிவில் இன்ஜினீயரிங் படித்தபோது புத்தகத்திலும் அதுதான் இருந்தது.

பாடை தயாரானது. தூக்குகிறவர்கள் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். தெருமுனை வரைக்கும் கூரான, உருளும் கல். ஒருவர் இரண்டடி வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சறுக்குதுப்பா. அவரக் கீழ போட்டுருவோம்."

ரோடு வேலையின் மேற்பார்வையாளர் நாகேஷ் ஓடி வந்தார். கன்னடக்காரர், அப்பாவோடு பல வருடம் வேலை செய்தவர்.

"சார், ஒரு லோடு மண்ணு நிக்குது. சும்னே, சும்மா மேல கொட்டிடலாம். மெத்துன்னு நடக்கலாம்."

"உருட்டாமலா? அப்பா ஒத்துக்க மாட்டாரே."

"ஐயோ, நீங்க ஒண்ணு சார்! கான்ட்ராக்டர் அவசரம்னா அவரே எத்தன ரோட்ல மண்ணு மேல ஓட்டிருக்காரு!"

எனக்குப் புரியவில்லை. உள்ளே போனேன். அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா உருட்டாம மண்ணு மேல ஓட்டிருக்காருன்னு நாகேஷ் சொல்றது நெஜமாம்மா?"

"நெஜந்தான். சில நாள் சண்ட போட்டு ரோலர நிறுத்திட்டு வந்துருவாரு. சில நாள் வாய மூடிக்கிட்டு ஓட்டிட்டு வருவாரு. அன்னிக்குச் சோறு எறங்காது."

"இப்ப என்ன செய்யட்டும்?"

"என்னக் கேட்டா? நீதானடா இன்ஜினீயரு."

எந்த அப்பாவைக் கேட்டு முடிவு செய்வது? வெளியே வந்து, ரோலரை எடுக்கச் சொன்னேன்.

புது டிரைவர் கிளப்பினார். அந்தச் சத்தத்தில் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அசோகன் என் காதருகே வந்து கத்தினார்.

"டேய் இளங்கோ, பொணத்த வெச்சிக்கிட்டு ரோடு போடுவாங்களாடா?"

ரோட்டுக்காகவா, தூக்குகிறவர்களுக்காகவா, அவருக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. ரோலர் போய் வந்தது. அம்மா வாசலுக்கு வந்து நின்றாள்.

"வேகமா ஓட்றான். மெதுவாப் போகச் சொல்லு."

சொன்னேன். மெதுவாகப் போனது. ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் வெறுங்காலோடு இறங்கி ஒரு கல்லின் மேல் முழு எடையையும் வைத்தேன். அசைந்தது. இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். மறுபடி மிதித்தேன். பாதத்தில் குத்தியது. கல் அசையவில்லை.

தூக்கச் சொன்னேன்.