பாசிப் பைகளும் பெருமாள் அண்ணனின் காலடியும்

கடற்கரைக்குக் காற்று வாங்கச் செல்வோர் பலர். அங்கு அழுகிக் கிடக்கும் பாசியில் எந்த உயிர் எதைத் தின்கிறது என்று பார்க்கச் செல்வோர் எங்களைப் போன்ற சிலரே. சல்லடையும் இடுக்கியும் பிடித்துக் கழுத்து வலி கண்ட தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

முப்பது பைகள்

மலேசியாவின் புஞ்சாக் ஆலாமில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். அங்கு பட்டத்துக்காக ஆய்வு செய்துவந்த கவிதா, பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த ஆசிரியை. சில ஆண்டுகளாக ஜெரம் கடற்கரையில் புதிய பழுப்புப் பாசி ஒன்று ஒதுங்குகிறது. எப்போதும் அங்கு ஒதுங்கும் பழைய பாசியைத் தின்று வாழும் சிற்றுயிர்கள், இறால் குஞ்சு போல் மணலில் தத்துபவை, இந்தப் புதியதையும் தின்னுமா? அவை தின்றால்தான் அவற்றைத் தின்னும் நண்டுக்கும் பறவைக்கும் உணவு. இதை அறிய, பதினைந்து வலைப்பைகளில் பழைய பாசியும் பதினைந்தில் புதியதும் நிரப்பி, கொடியோடு கூடிய முளைகளில் கட்டிக் கரையோரம் ஊன்றினோம். வாரம் ஆறு பைகளாக ஐந்து வாரத்தில் எடுக்க வேண்டும். ஆறாம் வாரம் கவிதாவின் விடுப்பு முடிகிறது. பைகள் போனால் பட்டமும் போயிற்று.

நாங்கள் ஒவ்வொரு முடிச்சையும் இருமுறை சரிபார்ப்பதை கரையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் லெட்சுமி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "குப்பைய அள்ளிட்டுப் போறவங்கள பார்த்திருக்கேன். கட்டி வெச்சிட்டுப் போறவங்கள இப்பதான் லா பார்க்குறேன்!"

மண்டோரின் கேள்வி

எங்கள் அச்சமெல்லாம் துப்புரவுக் குழுவைப் பற்றியே. அதன் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், பெருமாள் அண்ணன்; செம்பனைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் குலை வெட்டியவர். அவர் பொறுப்பில் உள்ள கரையில் ஓர் ஐஸ்கிரீம் குச்சிகூடக் கிடக்காது. அத்தகையவரிடம் போய், "இந்த இடத்தை மட்டும் ஐந்து வாரம் கூட்டாதீர்கள்" என்று கேட்பது, சமையற்காரரிடம் உப்புப் போடாதீர்கள் என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், அந்தப் புதுப் பாசி நல்லதா, கெட்டதா?" அதை அறியத்தான் இவ்வளவும் என்றார் கவிதா. அன்று முதல் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினார் அண்ணன். இரண்டாம் வாரம் மேலதிகாரி ஒருவர் வந்து, நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும் அண்ணனைத் திட்டித் தீர்த்தார். அவர் போனபின் நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். குப்பை வாரியைக் கையில் எடுத்தபடியே அண்ணன் சொன்னார்: "விடுங்க டீச்சர். நல்லதா கெட்டதான்னு தெரியாம ஒண்ண தூக்கிப் போட எனக்கு மனசு வரல."

என் அவசரம்

முதலிரண்டு வாரப் பைகளை லென்சின் கீழ்ப் பிரித்தவள் நான். பழைய பாசியில் தத்தும் உயிர்கள் மொய்த்தன. புதியதில் ஈப்புழுக்களைத் தவிர ஏதுமில்லை. "புதிய பாசி உணவாகாது" என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். மூன்றாம் வாரம், புதிய பாசி கறுத்து இளகிய பிறகு, அந்த வாரம் எடுத்த பைகளிலிருந்து அதே உயிர்கள் துள்ளிக் குதித்தன. ஒன்று என் கண்ணாடியின் மேலேயே விழுந்தது.

அடிக்கோட்டை அழிப்பான் கொண்டு அழித்துக்கொண்டிருந்தபோது கவிதா சிரித்தார்: "முதல் நாளே சாப்பிடலைன்னா பிடிக்கலைன்னு எழுதிடுவீங்களா அக்கா? எங்க வீட்டுப் பிள்ளைங்க மூணு பேரும் கீரைய அப்படித்தான் ஆரம்பிச்சாங்க!"

கடைசி ஆறு

ஐந்தாம் வாரம் பேரலை அடித்தது. நாங்கள் சென்றபோது கொடிகளை அலை பிய்த்துப் போயிருந்தது, முளையும் தென்படவில்லை. ஒரு சாண் புது மணல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. கண்டபடி தோண்டினால் பைகள் கிழியும். இரண்டு மணி நேரத்தில் நீர் மீண்டும் ஏறிவிடும். கவிதா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெருமாள் அண்ணன் செருப்பைக் கழற்றினார். கரையோரச் சிமெண்ட் தூணில் முதுகை ஒட்டி நின்று, அடியடியாக எண்ணி நடந்து, குதிகாலால் அழுத்தி, "இங்க" என்றார். கையால் அகழ்ந்தோம், பை இருந்தது. தம் ஆட்களின் குப்பை வாரி தவறியும் பட்டுவிடக் கூடாதென்று, தோட்டத்தில் மர வரிசை எண்ணுவது போல ஒவ்வொரு காலையும் அந்தப் பைகளை எண்ணி நடந்திருக்கிறார். ஐந்து கிடைத்தன. ஆறாவது இடத்தில் வெறும் மணல். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "இன்னைக்கு முட்டி வலி, அடி சின்னதாப் போச்சு" என்று ஒரு சாண் தள்ளிக் காட்டினார். அங்கே இருந்தது ஆறாவது.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரைப் போடுவதாகக் கவிதா சொன்னார். அண்ணன் தலையசைத்துவிட்டு, ஐந்து வாரமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்: "பேரு போடுங்க, சந்தோஷம். பை எல்லாம் எடுத்தாச்சுல்ல டீச்சர்? அப்ப நான் இப்பவே கூட்டலாமா?"

எது எதைத் தின்கிறது என்று எழுத எங்களிடம் அட்டவணை உண்டு. அதை எழுத முடிந்தது யாரால் என்பதற்குத்தான் அதில் கட்டம் இல்லை.