முவைலாவில் டீ குடிக்காத இருவர்

போன வாரம் காந்திபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக இரண்டு இளைஞர்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. இன்ஷூரன்ஸ் ஆட்கள் என்று நினைத்துப் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "வணக்கம்ணா" என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில், இத்தனை பேர் நடுவில், இதைக் குத்திக்கொண்டு ஒருவன் சாதாரணமாக நிற்க முடிகிறதே என்று இருந்தது.

அப்படி ஓர் அட்டை எனக்கும் கொடுத்தார்கள். ஷார்ஜாவில் இருந்த காலம் முழுக்க அது என் பெட்டிக்குள், காலுறைகளுக்கு அடியில் கிடந்தது. மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் வயது வந்த பையன்கள் படிப்பை நிறுத்திவிட்டு ஊழியத்துக்குப் போவது வழக்கம். என்னோடு சேர்ந்தவர்களுக்கு எங்கெங்கோ கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வளைகுடா. அங்கே இறங்கியதும் சொல்லப்பட்ட முதல் விதி: வெளியாள் யாரிடமும் மதம் பேசக் கூடாது. அவர்களாகக் கேட்டாலும் கூடாது. அந்த நாட்டுச் சட்டம் அப்படி, சபையும் அதை மதித்தது. பேசுவதற்கென்றே அனுப்பப்பட்டவனுக்கு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் வேலை என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். சபையாரைப் போய்ப் பார்ப்போம், வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு நாற்காலி போடுவோம், வண்டியில்லாதவர்களை வேனில் கூட்டி வருவோம். அவ்வளவுதான்.

எப்போதும் இருவராகத்தான் போக வேண்டும். என் ஜோடி ரூபன், மட்டக்களப்புக்காரன். ஒருவரை ஒருவர் 'எல்டர்' என்று அழைத்துக்கொள்வோம். மூத்தவர் என்று பொருள். எனக்கு அப்போது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை.

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் எங்கள் அறைக்குக் கீழே ஒரு பக்காலா, மளிகைக் கடை. நடத்தியவர் கீழக்கரைக்காரர், அந்த ஊர் வழக்கில் அண்ணன் என்று பொருள்பட, தெருவே அவரைக் காக்கா என்றுதான் அழைத்தது. வாசலில் எந்நேரமும் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கொதிக்கும். அந்த வாசனை மாடிப்படி ஏறி எங்கள் தலையணை வரை வரும். எங்கள் சபையில் டீ, காபி இரண்டும் கிடையாது. காக்கா தினமும் கேட்பார், நாங்கள் தினமும் வயிறு சரியில்லை என்போம். எவ்வளவு நாள்தான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு சரியில்லாமல் இருக்கும்?

செல்வி அக்கா எங்கள் சபையைச் சேர்ந்தவர். சென்னை புளியந்தோப்பு. பக்கத்துப் பகுதியில் ஒரு வில்லாவில் சமையல் வேலை. எங்களை எல்டர் என்று கூப்பிட மாட்டார், "இன்னா தம்பி, சாப்டியா?" என்பார். வெள்ளிக்கிழமை சாமான் வாங்க அனுப்பும் நேரத்தில் சில மணி நேரம் அவருக்கென்று கிடைக்கும், அப்போது வழிபாட்டுக்கு வந்துவிடுவார். கூட்டத்திலேயே அவர் பாட்டுத்தான் உரக்கக் கேட்கும், சுருதி சேராது. ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. போன் அணைந்திருந்தது. நடு வாரத்தில் ரூபன் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கும் குரல்.

"தம்பி, எண்ணெ கொட்டிக்கிச்சு, கையி வெந்துபோச்சு. ஆஸ்பத்திரி வேணாம்ன்றாங்க, வீசா முடிஞ்சிருக்காம். சீழ் வச்சிருச்சு தம்பி. ஜெபம் பண்ணு."

அதன்பின் மறுபடி போன் அணைந்துவிட்டது.

எங்கள் பொறுப்பாளர், வெள்ளைக்காரப் பெரியவர், நல்ல மனிதர். தூதரகத்துக்குச் சொல்லிவிட்டதாகவும், நாங்கள் அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார். சரிதான். கல்யாணமாகாத இரண்டு பையன்கள் ஓர் அரபி வீட்டுக் கதவைத் தட்டி வேலைக்காரப் பெண்ணைக் கேட்டால் அவள் கதி என்ன ஆகும்? தூதரகத்தில் பார்க்கிறோம் என்றார்கள். நாங்கள் அறையில் மண்டியிட்டு ஜெபித்தோம். சீழ் என்ற சொல்தான் என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்டர், காக்கா அந்த வீட்டுக்குத் தண்ணிக் கேன் போடுறவர்" என்றான் ரூபன்.

"அவர்கிட்ட என்னன்னு சொல்றது? அக்காவ நமக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரே."

"ஓம். எனக்கும் பயமாத்தான் கிடக்கு. ஆனா அவட கை?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து காக்கா கடையைத் திறந்த உடனே கீழே போனோம். ஊர்க்கார அக்கா ஒருத்தர் என்று ஆரம்பித்து நான் உளறினேன். காக்கா தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு துணியைக் கீழே வைத்தார்.

"வாப்பா, நீங்க யாருண்டு எனக்குத் தெரியும். வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, சிகரெட் இல்ல, டீ இல்ல, ரெண்டு பேரும் ஒட்டியே திரியிறீங்க. நானும் ஊர் ஒலகம் பாத்தவன்தான்."

அவர் போலீசுக்கு ஒரு போன் போட்டால் போதும், எங்களை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதோடு சபையையும் விசாரிப்பார்கள்.

"நான் கேட்டனா? கேக்கல. இனியும் கேக்க மாட்டேன்" என்றார். "அந்த வீட்டுப் பெரிய மாமா இருக்கு," வளைகுடாவில் வீட்டு எசமானியம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள், "எசமானோட உம்மா. நல்ல மனுசி. நான் போய்ப் பேசிப் பாக்குறேன். டெலிவரிப் பையன் லீவுல போயிட்டான். நீங்க கல்லாவுல இரிங்க."

சாவியை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறிப் போயே விட்டார்.

எங்கள் விசாவில் கடையில் வேலை செய்வது குற்றம். அது எங்களுக்குத் தெரியும், காக்காவுக்கும் தெரிந்திருக்கும். யோசிக்க அவருக்கு நேரமில்லை. எங்கள் பையில் தமிழ் வேதப் புத்தகங்கள் வேறு. ரூபன் பையை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினான். முதலில் வந்த பெங்காலித் தொழிலாளி சிகரெட் கேட்டார். வாழ்க்கையில் சிகரெட் தொட்டிராத ரூபன், செத்த பல்லியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். அடுத்தவர் டீ கேட்டார். நான் ஊற்றினேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சர்க்கரை போட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது.

இளம் அதிகாரி ஒருவர் இறங்கி வந்தார். குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடினார்.

"சதீக், காக்கா கிதர் ஹை?" என்றார், அரபி கலந்த இந்தியில். நண்பா, காக்கா எங்கே என்கிறார்.

"டெலிவரி" என்றேன்.

"தும் நயா ஆத்மி?"

புது ஆளா என்கிறார். ஆமாம் என்றால் சட்டவிரோத வேலை. இல்லை என்றால் நீ யார் என்பது அடுத்த கேள்வி. பொய் சொல்லவும் எங்களுக்கு அனுமதி கிடையாது; வயிற்றுப் பொய் வேறு கணக்கு. ரூபன் என்னை முந்திக்கொண்டான்.

"ஊப்பர் ரஹ்தா ஹை. காக்கா தோஸ்த் ஹை."

மேலே குடியிருக்கிறோம், காக்கா நண்பர். இரண்டும் உண்மை. அதிகாரி எங்கள் சட்டைகளை ஒரு முறை பார்த்தார். லபன் மோர் பாட்டிலை எடுத்துக்கொண்டு காசை வைத்தார். "காக்காவுக்கு சலாம் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி திரும்பி மறையும் வரை நாங்கள் அசையவில்லை. பிறகு ரூபன் வெங்காயப் பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் காக்கா வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பெரிய மாமாவுக்கு விசயமே தெரியாது. மருமக மறச்சுவச்சிருக்கா. கையக் காட்டுண்டு நான் சொன்னேன், அந்தப் புள்ள துணிய அவுத்துச்சு, கெழவி அங்கயே உக்காந்துட்டா. அப்பவே டிரைவரக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா. கலாஸ், முடிஞ்சுது, இனி டாக்டர் பாடு."

"அக்காவ உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்களா?"

"எங்க ஊருப் புள்ள, எனக்குத் தங்கச்சி மொறண்டேன்."

புளியந்தோப்புக்கும் கீழக்கரைக்கும் இடையே எத்தனை ஊர் இருக்கிறது என்று அந்தக் கிழவிக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

ஆபரேஷனுக்குப் பிறகு மூவருமாகப் பார்க்கப் போனோம். பொது வார்டு. அக்காவின் வலது கை முழங்கை வரை கட்டுக்குள் இருந்தது. நோயாளியின் தலையில் எண்ணெய் தொட்டுக் கைவைத்து ஜெபிப்பது எங்கள் முறை. அங்கே எப்படிச் செய்வது? பக்கத்துக் கட்டிலில் ஒரு எகிப்தியப் பெண், நடுவில் நர்சுகள். எண்ணெய்க் குப்பி என் பாக்கெட்டில் இருந்தது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை அக்கா கவனித்துவிட்டார்.

"மனசுக்குள்ள சொல்லு தம்பி. அது போதும்."

காக்கா எங்களைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி துஆ கேட்க ஆரம்பித்தார். மெல்ல, தமிழில். "யா அல்லா, இந்தப் புள்ள கையக் குடுத்துரு. ஒழச்சுச் சாப்புடுற கை." யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அது அன்றாடக் காட்சி. நானும் ரூபனும் தலை குனிந்தோம். அவர் துஆவின் நிழலில் எங்கள் ஜெபத்தைச் சொல்லி முடித்தோம். அவர் ஆமீன் என்றபோது அக்கா ஆமென் என்றார். மறுபடி ஒரு முறை அப்படி நான் ஜெபித்ததில்லை. எத்தனையோ நல்ல ஆலயங்களில் முயன்று பார்த்தாகிவிட்டது.

கை பிழைத்தது. சுண்டுவிரல் மட்டும் நிமிராது. பெரிய மாமாவே டிக்கெட் போட்டு அக்காவை ஊருக்கு அனுப்பிவைத்தார். எங்கள் காலமும் முடிந்தது. ரூபன் இப்போது கனடாவில், பனியில் லாரி ஓட்டுகிறான்.

சில வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாக துபாய் போனவன், முவைலாவுக்கு டாக்சி பிடித்தேன். அங்கே வார விடுமுறை மாறியதால், வெள்ளிக்கிழமை வழிபாடு ஞாயிறுக்கு மாறியிருந்தது. எங்கள் கட்டடம் கண்ணாடி போட்டு நின்றது. பக்காலா இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். கல்லாவில் இருந்த மலையாளிப் பையனுக்குக் காக்காவைத் தெரியவில்லை. அவர் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. கீழக்கரையில் விசாரிக்கலாம்தான், ஆனால் என்னவென்று கேட்பது? அவர் சொந்தப் பெயரை நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கடைப் பலகையில் இருந்தது கஃபீலின், கடை உரிமம் வைத்திருந்த அரபியின், பெயர்.

செல்வி அக்கா புரசைவாக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவார். முடிக்கும்போது ஒவ்வொரு வருஷமும் கேட்பார்: "காக்கா எப்படி கீறாரு தம்பி?"

"நல்லா இருக்காருக்கா" என்பேன்.

"நான் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றேன்கா."