டாலிகஞ்ச் கோலாட்டம்

குடியரசு தின விழாவில் ஆடுவதற்குப் பதிவு செய்யும் படிவத்தில் நாலாவது கட்டம் 'மாநிலம்'. பெங்காலிக்காரர்கள் மேற்கு வங்காளம் என்று எழுதுவார்கள். தெலுங்குக்காரர்கள் ஆந்திரா என்று எழுதுவார்கள். நான் 'தமிழ்நாடு' என்று கொட்டை எழுத்தில் எழுதுவேன். நான் பிறந்தது போர்ட் பிளேரில், வேலை பார்ப்பது இங்கேயே ஓர் அரசு அலுவலகத்தில், தமிழ்நாட்டுக்குப் போனது மொத்தம் நாலு தடவை. அதனால் என்ன? அந்தக் கட்டத்தை நிரப்பும்போது என் கை ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை.

போன முறை படிவத்தை வாங்கிக்கொண்ட விழாக் கமிட்டிச் செயலாளர் சிரிக்கவில்லை. மலையாளி மனிதர், எல்லாரிடமும் எங்கள் தீவு இந்தியில்தான் பேசுவார். தீதி, முந்தின வருஷம் மாதிரி இந்தத் தடவையும் பாதியில் நின்றால் உங்கள் ஏழு நிமிஷத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. முந்தின வருஷம் என் கையிலிருந்த கோல் நழுவிப் பறந்து, தலைமை விருந்தாளியின் சமோசாத் தட்டில் விழுந்தது. ஆட்டம் அத்தோடு நின்றது. மானம் கப்பலேறிவிட்டது. எங்கள் ஊரில் கப்பல்தான் நேரத்துக்குப் புறப்படாது, மானம் மட்டும் டாண் என்று புறப்பட்டுவிடும்.

அந்த ஏழு நிமிஷம் போனால் எனக்கு என்ன மிச்சம்? வருஷத்தில் ஒரு நாள்தான் மைக்கில் 'அடுத்து தமிழ்' என்று சொல்கிறார்கள். அது என்னால் போயிற்று என்று பேராகக் கூடாது. ஒரு மாசம் எனக்கு இதே கவலை.

போர்ட் பிளேரில் எங்கள் பேட்டையான டாலிகஞ்சில் நாங்கள் எட்டுப் பெண்கள் ஆடுவோம். ஆட்டம் என் அம்மா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. பாட்டு, சௌல்தாரி கிராமத்திலிருந்து வருவதால் நாங்கள் சௌல்தாரி அக்கா என்று கூப்பிடுபவளுடையது. அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே குடியேறியவர்கள். கொழுந்து பறிக்கும்போது பாடியதை அவள் கோலாட்டத்துக்கு வளைத்து வைத்திருக்கிறாள். கோல்கள் எங்கள் காட்டுப் படாக் மரம். புரோத்ராபூரில் மேஜை நாற்காலி செய்யும் ஆசாரி மிச்சத் துண்டுகளில் கடைந்து கொடுத்தார். சத்தம் கணீரென்று இருக்கும். விரலில் பட்டால் செத்துப்போன தாத்தா வரைக்கும் கண்ணுக்குத் தெரிவார்.

பழைய சொதப்பலின் வீடியோவை அந்த மாசம்தான் யாரோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். கோல் பறந்ததை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதுரையிலிருக்கும் என் சித்தி மகன் மட்டும், "அதென்னக்கா, கோலாட்டத்துக்கு ஏக் தோ தீன் சார்னு எண்றீங்க? நீங்கல்லாம் தமிழாளுங்கதானா?" என்று எழுதியிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். நாங்கள் ஆரம்பத்திலிருந்தே இந்தியில்தான் எண்ணுவோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். மறுநாள் ஒத்திகையில் சட்டம் போட்டேன்.

"இனிமே ஒண்ணு ரெண்டு மூணு நாலு. எவ வாயில ஏக் வருதோ, அவ எல்லாருக்கும் டீ போடணும்."

"ஏ புள்ள, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் சௌல்தாரி அக்கா.

"தமிழ் ஐட்டம்க்கா. தமிழ்லதான் எண்ணணும்."

சட்டம் போட்ட நாளிலிருந்து விரல்களுக்குச் சனி பிடித்தது. நாலாவது அடியில் ஜோடி மாற வேண்டும். 'ஒண்ணு' என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவள் அடுத்த அடிக்குப் போயிருப்பாள். தினமும் யாராவது டீ போட்டார்கள். போதாக்குறைக்கு, மெயின்லேண்டில் கல்யாணத்துக்குப் போன எங்கள் எட்டாவது பெண்ணின் கப்பல் தள்ளிப்போயிற்று. ஏழு பேரை வைத்துக்கொண்டு கோலாட்டம் ஆட முடியுமா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரிதான், "நான் மூணு வருஷமா ஜன்னல்லேர்ந்து பாக்கறேன், எனக்கு வராதா?" என்று இந்தியில் கேட்டுக்கொண்டே புடவையை இழுத்துச் செருகினாள். அவளுக்கு ஆட்டம் ஒரே நாளில் வந்துவிட்டது. ஒண்ணு ரெண்டுதான் வரவில்லை.

"குக்கர் விசிலை நீ எதுல எண்றே? உன் வீட்டுச் சத்தம் எனக்குக் கேக்காதா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! "குக்கர் வேற, கோலாட்டம் வேற" என்று கத்தினேன்.

விழா நாள் காலையில் மைதானம் நிரம்பியிருந்தது. மைக்கில் 'அடுத்து தமிழ்' என்றார்கள். அக்கா ஓரத்தில் நின்று பாட, முதல் சுற்று அழகாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் மைக் பொட்டென்று செத்துப்போனது. அக்கா வாய் அசைவது தெரிகிறது, பாட்டு கேட்கவில்லை. நான் தொண்டை கிழிய "ஒண்ணு, ரெண்டு" என்று கத்தினேன். மூன்று பேர் வலப்பக்கம் போனார்கள், மூன்று பேர் இடப்பக்கம் போனார்கள், பாபி நடுவில் நின்று என்னைப் பார்த்தாள். மேடையோரத்தில் செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். போச்சு, இந்த வருஷமும் என்னாலேயே போச்சு என்று நினைத்தேன்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது. நானாகச் சொல்லவில்லை, அதுவாக வந்தது.

"ஏக்! தோ! தீன்! சார்!"

எட்டு ஜோடிக் கோலும் ஒரே அடியாக மோதின. அடுத்த 'ஏக்' நான் சொல்லவில்லை, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தெலுங்குப் பெண்கள் சொன்னார்கள். அதற்கடுத்தது மைதானமே சொன்னது. கைதட்டிக்கொண்டே எண்ணினார்கள். ஏழு நிமிஷத்தையும் ஆடி முடித்தோம். ஒரு கோல்கூட நழுவவில்லை. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், மூக்கைத் துடைக்கக் கை இல்லை. அத்தனை வருஷம் ஆடியதில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

இறங்கி வந்ததும் சௌல்தாரி அக்கா சொன்ன முதல் வார்த்தை: "டீ போடு புள்ள."

போட்டேன். எட்டுப் பேருக்கும் அக்காவுக்கும், இஞ்சி தட்டிப் போட்டேன். அன்றைக்கு எடுத்த வீடியோவை நானே குடும்பக் குழுவுக்கு அனுப்பி, 'சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேளுடா தம்பி' என்று எழுதினேன். அவனும் கேட்டிருக்கிறான். "மைதானமே உங்க கூட ஆடுதேக்கா" என்று பதில் வந்தது.

இந்த டிசம்பரில் மறுபடி படிவம் வந்தது. ஆடுபவர்கள் பட்டியலில் பாபியின் பெயரையும் சேர்த்தேன். எங்கள் எட்டாவது பெண் வந்துவிட்டாள், ஆனால் பாபியை இனி யார் விடுவது? இன்னொருத்தியையும் பிடித்துப் பத்துப் பேராகிவிட்டோம். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் முதல் தடவையாக என் கை நின்றது. அம்மாவின் ஆட்டம், அக்காவின் பாட்டு, புரோத்ராபூர் கோல், பாபியின் கால், மைதானத்தின் எண்ணிக்கை. இதைத் தமிழ்நாட்டில் எங்கே போய்த் தேடுவது? கொட்டை எழுத்தில் 'டாலிகஞ்ச்' என்று எழுதிக் கொடுத்தேன்.

செயலாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தடவை படித்தார். "தீதி, இது எந்த ஸ்டேட்?" என்று இந்தியில் கேட்டார்.

"நம்ம ஸ்டேட்" என்றேன்.

அடித்து எழுதச் சொல்வார் என்று பேனாவை மூடாமல் நின்றேன். அவர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

"சரி, என் வீடும் அங்கதானே இருக்கு" என்று சொல்லிக் குத்தினார்.