இசேயோ ஏரித் தீவில் ஒரு கருவாட்டுக்காரி

காலை ஒன்பது மணிக்கு இத்தாலியின் சுல்சானோ துறையில் படகுக்கு நின்றோம். எதிரே இசேயோ ஏரியின் நடுவில் ஒரு மலை. அதுதான் மோண்டே இசோலா தீவு. போக வர ஆளுக்கு ஐந்து யூரோ சொச்சம். வங்கக் கடலோரம் பிறந்தவளுக்கு ஏரி அலையைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிமேட்டில் கருவாடு போட்டு விற்கிறவள் நான். மகள் கவிதா, பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள காரைக்கால் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பிரான்சின் லியோனில் இருக்கிறாள். மூன்று மாத விசாவில் வந்த என்னை அங்கேயே நிறுத்திக்கொள்ளத் துடிக்கிறாள். ஊர் சுற்றிக் காட்டத்தான் இத்தாலிக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"ஊர்ல ஒண்டியா கெடந்து என்னம்மா பண்ணுவ? சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு" என்றாள் படகில்.

பெஸ்கியேரா மராலியோவில் இறங்கினோம். மீனவர் குடியிருப்பு. எல்லாம் கல் சந்துகள். வெளியூர்க் காருக்கு இடமில்லை. இந்தத் தீவே ஒரு நகராட்சி, அலுவலகம் மேலே சிவியானோவில். பல தலைமுறையாக வலை பின்னிப் பேர் வாங்கிய ஊர். இப்போது பந்தாட்டத்துக்கும் பின்னுகிறார்களாம். எங்கள் காரைக்காலும் தீவு மாதிரிதான், மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல்.

பதினொன்றரை மணிக்கு வானம் இருட்டியது. ஒரு வீட்டு வாசலில், வளைத்த மரச்சட்டங்களில் மீனைக் கோத்துக் காயவைத்திருந்தார்கள். கையில் முதல் துளி விழுந்ததும் ஓடிப்போய் ஒரு சட்டத்தைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்தேன். இரண்டாவதைத் தூக்கும்போது வீட்டுக்கார அம்மாள் கத்திக்கொண்டே வந்தார். திருட வந்தவள் என்று நினைத்துவிட்டார். கவிதாவுக்கு முகம் செத்துவிட்டது. அதற்குள் மழை பிடித்துக்கொள்ள, மீதியை அந்த அம்மாளும் நானுமாக உள்ளே கொண்டுபோனோம்.

அவர் இளவயதில் பிரான்சில் வேலை பார்த்தவராம். பிரெஞ்சில் ஏதோ கேட்டார்.

"கேக்காம ஏன் தொட்டீங்கன்னு கேக்குறாங்கம்மா" என்றாள் கவிதா.

"எங்க ஊர்ல மழ வந்தா கேட்டுக்கிட்டு நிக்க மாட்டோம்னு சொல்லு. கிட்ட இருக்கறவங்க எடுத்துருவோம். போன வருசம் நான் காய்ச்சல்ல கெடந்தப்ப எதுத்த வீட்டு மல்லிகாதான் என் கருவாட்ட எடுத்தா. மழ வந்தா அவளுத எடுக்க நான் போவணும்ல?"

"மல்லிகாக்காவா எடுத்தாங்க?" என்றாள் கவிதா. பிறகுதான் அந்த அம்மாளிடம் பிரெஞ்சில் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்து, எண்ணெயில் ஊறிய மீனும் ரொட்டியும் வைத்தார். உப்புப் போதாது, ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மாலை நாலரை மணிப் படகில் கவிதா முடிவு எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்தாள்.

"ஊருக்கு டிக்கெட் எப்பம்மா போடட்டும்?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐப்பசி மழ புடிக்கறதுக்குள்ள" என்றேன்.